மீனா உண்ட முதல் வாய்

மீனா தன் நாத்தனாருக்குச் சோற்றில் விஷம் வைக்கிறாள் என்று மேலப்பனங்குடியில் பேசிக்கொண்டார்கள்.

பேசியவர்கள் யாரும் அவள் வீட்டு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், பதினோரு வருடமாக ஒவ்வொரு வேளையும் அந்த நாத்தனாரின் தட்டிலிருந்து முதல் வாய்ச் சோற்றை எடுத்துத் தன் வாயில் போட்டு, மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டுகிற ஒருத்தியைக் கண்டிருப்பார்கள்.

"நாக்கைத் தூக்குங்க அண்ணி," என்பாள் செந்தாமரை.

மீனா நாக்கைத் தூக்குவாள்.

"ம். இப்ப குடுங்க."

அந்த 'ங்க' ஒருநாளும் தவறியதில்லை. விஷம் வைக்கிறவளாகவே இருந்தாலும் அண்ணன் பெண்டாட்டி அல்லவா!

மன்னார்குடியிலிருந்து தெற்கே பஸ்ஸில் அரை மணி நேரம் அந்த ஊர். மீனா அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்கு வயது இருபத்துநான்கு. மாப்பிள்ளை துரைராசு சிங்கப்பூர் போகப் போகிறான் என்றார்கள். மாப்பிள்ளையின் தங்கையைக் காணோமே என்று மீனாவின் அம்மா கேட்டதற்கு, காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்றார்கள். கல்யாணத்தன்றும் காய்ச்சல். மறுவீட்டு விருந்துக்கும் காய்ச்சல். புது மருமகளாக வந்த மூன்றாம் நாள், கொல்லைப்பக்க அறையின் பூட்டைத் திறந்து மாமியார் ஒரு தட்டை உள்ளே தள்ளுவதை மீனா பார்த்துவிட்டாள். உள்ளே ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, யாருமில்லாத இடத்தில் யாருடனோ மெல்லிய குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மீனாவின் நெஞ்சில் தைத்த முள் பிறகு வெளியே வரவேயில்லை. இந்த வீட்டில் வாயால் சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். யார் எதைச் சொன்னாலும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது அவள் குணமாகிப் போயிற்று.

சிங்கப்பூர் போன துரைராசு ஏழாம் மாதமே திருப்பி அனுப்பப்பட்டான். தன் தலைக்குள் யாரோ கருவி வைத்துவிட்டார்கள் என்று விமான நிலையத்திலேயே அழுதான். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நோய்! மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துக் கண்ணை மூடினார்கள். மீனாவுக்குப் பிள்ளை இல்லை. இந்த இரண்டு பெரிய பிள்ளைகளை மட்டும் கடவுள் அவள் மடியில் போட்டுவிட்டுப் போனான்.

"நீ பொறந்த வீட்டுக்குப் போயிடு மீனா," என்று அவள் அம்மா எத்தனையோ முறை அழைத்தாள். மீனா கொல்லைப்பக்க அறையின் பூட்டைக் கழற்றிக் கிணற்றில் எறிந்துவிட்டு, ஊர் நடுநிலைப்பள்ளியில் சத்துணவுச் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவள் முதல் வாய் வித்தையைக் கற்றாள். சமைத்து இறக்கிய சாம்பார் சாதத்தை முதலில் ஒரு டீச்சர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பிள்ளைகளுக்குத் தட்டு. செந்தாமரை மூன்று நாள் பட்டினி கிடந்து, "இதுல என்னமோ கலந்திருக்கு, எனக்குத் தெரியும்," என்று தட்டைத் தள்ளிய ஒரு நாளில் மீனாவுக்கு அந்த டீச்சர் ஞாபகம் வந்தது. தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தானே தின்றாள். செந்தாமரை கால் மணி நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி சாகவில்லை. பிறகு சாப்பிட்டாள்.

எண்பது பிள்ளைகள் அவள் கையால் பயமின்றித் தின்றார்கள். ஒரே ஒருத்தி மட்டும் பயந்து பயந்து தின்றாள்.

*

இந்த வருடம் மே மாதம், தஞ்சாவூரில் டாக்டர் பர்வின் அந்தப் புது மாத்திரையை எழுதினார். மனநோய்க்குப் பேர்போன மருத்துவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார்.

"இதுவரைக்கும் குடுத்த மாத்திரை எதுவும் ரெண்டு பேருக்கும் சரியாக் கேக்கலை. இது பேரு குளோசபின். கொஞ்சம் முரட்டு மாத்திரை. கேட்டா நல்லாக் கேக்கும். ஆனா நூத்துல ஒருத்தருக்கு ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுவை இறக்கிடும். வெள்ளை அணுதான் ஒடம்புக்குக் காவல். காவல் போயிட்டா சின்னப் புண்ணுகூட ஆளைச் சாய்ச்சிடும். அதனால பதினெட்டு வாரம், வாரம் தவறாம ரத்தம் பாக்கணும். ரத்தச் சீட்டைக் காட்டினாத்தான் மருந்துக்கடையில அடுத்த வாரத்து மாத்திரை குடுப்பாங்க."

"ரெண்டு பேருக்குமா டாக்டர்?"

"ரெண்டு பேருக்கும், தனித்தனியா. அண்ணனுக்கு நல்லாயிருக்கு, தங்கச்சிக்கும் நல்லாத்தான் இருக்கும்னு விட்டுடாதீங்க. பொம்பளைங்களுக்கு இந்த ஆபத்து கொஞ்சம் கூடன்னு சில ஆராய்ச்சியில சொல்றாங்க. ஏன்னு இன்னும் முழுசாத் தெரியலை. ஒரே அளவு குடுத்தாலும் பொம்பளை ஒடம்புல மாத்திரை கூடுதலாத் தங்குது. இவரு வேற பீடி குடிக்கிறாரு, அது மாத்திரையைச் சீக்கிரமா ஒடம்பை விட்டு வெளியேத்திடும்."

துரைராசு சிரித்தான். "ஒரே வயித்துல பொறந்தவங்க டாக்டர் நாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தந்தான்."

"ரத்தம் ஒண்ணா இருக்கலாம்ங்க. ஒடம்பு ஒண்ணு இல்ல," என்றார் பர்வின். "காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், இதுல எது வந்தாலும் எனக்கு உடனே போன் பண்ணணும்."

முதல் பரிசோதனையில் வெள்ளை அணு இருவருக்கும் நன்றாகவே இருந்தது. துரைராசுவுக்கு ஹீமோகுளோபின் பதினாலரை. செந்தாமரைக்கு ஒன்பது புள்ளி ஒன்று. "ரத்தம் கம்மி," என்று அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்து எழுதினார்கள்.

திங்கட்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்கு மன்னார்குடி லேபிலிருந்து ராம்கி வண்டியில் வருவான். முப்பது வயது, நன்றாகப் பேசுவான். ஊதா மூடி போட்ட இரண்டு குழாய்களில் இரண்டு பேரின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு போவான். சாயங்காலம் முடிவு போனில் வரும்; மறுநாள் தாள் வரும். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து மீனா அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் அரிசி களைந்துகொண்டிருப்பாள். ஆனால் வரும் தாள் ஒவ்வொன்றையும் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்துவாள்.

ஆறாவது வாரம் ஓர் அதிசயம் நடந்தது. செந்தாமரை சுவரைப் பார்ப்பதை நிறுத்தினாள். காலையில் தானே தலை வாரிக்கொண்டு வந்து, "அண்ணி, வாசல் தெளிக்கவா?" என்று கேட்டாள். அதைக் கேட்டு மீனா விளக்குமாற்றைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

குறுவை நடவு தொடங்கியிருந்த நேரம். நடவுக்கு ஆள் சேர்க்கிற எல்லையம்மாள் வாசலில் நின்று கேலியாகக் கூப்பிட்டாள்: "என்னாடி தாமர, ராணி மாதிரி நிக்கிற? நாத்து முடிய தூக்கத் தெரியுமா, மறந்து போச்சா?"

"ஒன்னவிட நேரா நடுவேன்," என்றாள் செந்தாமரை.

பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவள் வயலில் இறங்கினாள். பெண்கள் வரிசையில் குனிந்து, பின்னால் பின்னால் நகர்ந்து, பச்சைக் கோடு இழுப்பதுபோல் நட்டுக்கொண்டே போனாள். மாலையில் சேறு காய்ந்த கால்களோடு வந்து தட்டின் முன் உட்கார்ந்தாள். அன்றைக்கும் முதல் வாய் மட்டும் மீனாதான். ஆனால் நாக்கைத் தூக்கச் சொல்லவில்லை.

*

ஜூலை நடுவில் செந்தாமரையின் கால்விரல் இடுக்கில் புண் வந்தது. நடவு நடுகிற பெண்களுக்கெல்லாம் வருகிற சேற்றுப்புண்தான். எல்லையம்மாள் காலிலும் இருந்தது. மருதாணி அரைத்துக் கட்டினாள் மீனா. எல்லையம்மாளின் புண் நாலு நாளில் ஆறியது. செந்தாமரையின் புண் ஆறவில்லை; சீழ் வைத்தது.

அடுத்து வாயில் புண். உடம்புச் சூடு என்றார்கள். ரத்தச் சீட்டு நன்றாக இருந்ததால் டாக்டரைக் கூப்பிடாமல் மோர் கொடுத்தாள் மீனா.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, காபி டம்ளரை வாயில் வைத்ததும் செந்தாமரை அதை முற்றத்தில் வீசினாள்.

"எரியுது! தொண்டையெல்லாம் எரியுது! என்ன போட்டீங்க?"

"நான் ஒரு வாய் குடிச்சேனே, நீ பாத்துக்கிட்டுதானே இருந்தே?"

"நீங்க குடிச்சப்ப இல்ல. அப்புறம் போட்டீங்க. எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ போயி ரத்தத்தைக் கெடுக்குது அண்ணி. எனக்குத் தெரியுது. யாரும் நம்ப மாட்டேங்குறீங்க!"

சத்தம் கேட்டு எல்லையம்மாள் வந்துவிட்டாள். வேலிப் பக்கம் நின்றபடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "நல்லா இருந்த பொண்ணு. நடவுக்கு வந்து என்னமா நட்டுச்சு! இப்ப பாரு, காலு வீங்கிக் கெடக்கு. அதுபேருல மூணு மா நெலம் பட்டா இருக்குல்ல? அது கண்ணை உறுத்துது சில பேருக்கு."

மீனாவுக்கு உடம்பு முழுக்கத் தீப்பிடித்ததுபோல் இருந்தது. பதினோரு வருடம் தின்ற சோற்றுக்கு இதுவா பலன்!

ஆனால் அழுவதற்கு நேரமில்லை. காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவும் செந்தாமரை விடவில்லை. மீனா பின்கட்டுக்குப் போய்த் தாள்களை எடுத்துப் பார்த்தாள். இந்த வாரத் தாள்: வெள்ளை அணு எட்டாயிரத்து இருநூறு. போன வாரம் எட்டாயிரத்து நூறு. எல்லாம் நன்றாக இருக்கிறது. அப்படியானால் இது ரத்தமில்லை. பழைய நோய்தான் திரும்பிவிட்டது. சந்தேக நோய்!

மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் டாக்டர் பர்வினுக்குப் போன் செய்தாள்.

"டாக்டர், தாமரைக்கு மறுபடி புத்தி கொழம்பிடுச்சு. காபியில விஷம் வச்சிட்டேங்குது. தொண்டை எரியுதாம்."

"தொண்டை எரியுதுன்னா சொன்னாங்க? காய்ச்சல் இருக்கா?"

"தொட விடலீங்க. ஆனா ரத்தம் நல்லா இருக்கு டாக்டர். தாளு கையிலயே இருக்கு. வெள்ளை அணு எட்டாயிரத்து சொச்சம்."

"எட்டாயிரமா? அப்ப பயமில்ல. இருந்தாலும் திங்கக்கெழம வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம்."

போனை வைத்த பிறகும் மீனா தாளை மடிக்கவில்லை. திருப்பிப் பார்க்கிற குணம் விடவில்லை. வெள்ளை அணுவுக்கு மேலே இன்னொரு வரி இருந்தது. முதல் சீட்டுக்குப் பிறகு அதை அவள் கவனித்ததே இல்லை.

ஹீமோகுளோபின்: 14.6.

மீனா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருநாள் பெரிய வகுப்புப் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். அவர்கள் விழுங்கும்போது சமையல்கட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது மீனாதான். நர்சம்மா ரத்தம் சோதிக்கும்போது சொல்லும் எண்கள் அவளுக்கு மனப்பாடம். ஒன்பது, பத்து, அதிகம் போனால் பன்னிரண்டு. வளர்ந்து, சேற்றில் நின்று, மாதாமாதம் ரத்தம் போகிற ஒரு பெண், மே மாதத்தில் ஒன்பது புள்ளி ஒன்று இருந்தவள், ஜூலையில் பதினாலு புள்ளி ஆறா? எந்த மாத்திரை அப்படி ஏற்றும்?

எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பினாள். அண்ணனுக்கு ஒரு வரிசை, தங்கைக்கு ஒரு வரிசை. முதல் எட்டு வாரம் தங்கையின் வரிசையில் ஒன்பது, ஒன்பதரை, ஒன்பது புள்ளி மூன்று. ஒன்பதாவது திங்கட்கிழமையிலிருந்து பதினாலரை. பக்கத்தில் அண்ணனின் தாளிலும் பதினாலரை. ஒரு எண்கூடப் பெரிதாக மாறவில்லை.

ஒரு திங்கட்கிழமை மாலை துரைராசுவின் இரண்டு கையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது அவளுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. ஏன் என்று அன்றைக்கே கேட்டிருந்தாள். 'ஒரு கையில நரம்பு கெடைக்கல' என்றிருந்தான்.

மாட்டுக்கொட்டகையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவனிடம் போனாள்.

"கையைக் காட்டுங்க."

"என்னாத்துக்கு?"

"ரெண்டு கையையும் காட்டுங்க!"

காட்டினான். இரண்டு முழங்கை மடிப்பிலும் ஊசித் தழும்பு.

"என்ன காரியம் பண்ணீங்க? அவ ரத்தத்துக்குப் பதிலா உங்க ரத்தத்தையா குடுத்தீங்க?"

அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. "அது மாட்டேன்னுச்சு மீனா. 'இவன் வாரா வாரம் என் ரத்தத்தை எடுத்துட்டுப் போயி என்ன பண்றான்'னு கையை மடக்கிக்கிச்சு. சீட்டு இல்லேன்னா மாத்திரை தர மாட்டாங்க. மாத்திரை இல்லேன்னா அது பழையபடி செவுத்தைப் பாத்து ஒக்காந்திடும். அது நடவுக்குப் போயி சிரிச்சிக்கிட்டு வருது, அத நான் எப்படி கெடுக்கறது? ஒரே மாத்திரை, ஒரே வயிறு, ஒரே ரத்தம். எனக்கு நல்லா இருந்தா அதுக்கும் நல்லாத்தானே இருக்கும்னு... ராம்கி 'தப்புண்ணே'ன்னான். நான்தான் கால்ல விழாத கொறையா கேட்டேன். என் தங்கச்சிக்கு நான் ரத்தம் குடுக்கக் கூடாதா மீனா?"

பாசம்! அந்தப் பாசந்தான் மூன்று வாரமாக ஒரு பெண்ணின் காவலைக் கழற்றிப் போட்டிருக்கிறது. அவனை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று மீனாவுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லாமல் உள்ளே ஓடினாள்.

செந்தாமரை பாயில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். தொடாமலே அனல் தெரிந்தது.

*

கார் வந்து நின்றபோது செந்தாமரை ஏற மறுத்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "அண்ணி என்னைக் கொல்லக் கொண்டுபோறாங்க!" தெருவே கூடிவிட்டது. எல்லையம்மாள் காரின் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க தூக்கிட்டுப் போறே? அந்தப் பொண்ணு வர மாட்டேங்குதுல்ல?"

மீனா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "என்மேல சந்தேகமா இருக்குல்ல ஒனக்கு? நல்லா சந்தேகப்படு. வண்டியில ஏறு. அவ தலைய ஒன் மடியில வச்சுக்க. தஞ்சாவூரு போற வரைக்கும் நான் அவள என்ன பண்றேன்னு கண்ணை இமைக்காமப் பாத்துக்கிட்டே வா. ஆனா இப்ப ஏறு!"

எல்லையம்மாள் திகைத்துப்போய் ஏறினாள். அவள் மடி என்றதும் செந்தாமரையும் ஏறினாள். நீடாமங்கலம் தாண்டும்போது எல்லையம்மாளின் குரல் மாறியிருந்தது. "ஏ மீனா, இந்தப் புள்ள ஒடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குதே!"

தஞ்சாவூரில் பர்வின் காத்திருந்தார். மீனா காரிலிருந்தே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. இந்த முறை ரத்தம் செந்தாமரையின் கையிலிருந்து, மீனாவின் கண்ணெதிரே எடுத்தது. வெள்ளை அணு மொத்தமே தொள்ளாயிரம். கிருமியோடு முதலில் மோதுகிற வகை அணு ஏறக்குறைய இல்லை.

"இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா..." பர்வின் முடிக்கவில்லை. "மாத்திரையை இந்த நிமிஷத்தோட நிறுத்திட்டேன். இனிமே இவங்களுக்கு இது வாழ்நாள் முழுக்கக் கெடையாது. நான்கூட அந்த எட்டாயிரத்தைக் கேட்டுட்டு, அளவைக் கூட்டலாம்னு நெனச்சேன்மா. தொண்டை எரியுதுன்னு சொன்னதுமே மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கணும்."

*

தனி அறை. கண்ணாடி பதித்த கதவு. உள்ளே போகிறவர்கள் கையைக் கழுவி முகக்கவசம் கட்ட வேண்டும். துரைராசு வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை.

இரண்டு நாள் செந்தாமரை எதுவும் சாப்பிடவில்லை. நரம்பு வழியாக மருந்து ஏறியது. அணுவை ஏற்றுவதற்கு ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் பர்வின் மீனாவைத் தனியே அழைத்துச் சொன்னார்: "வாயால சாப்பிட்டாத்தான் தேறுவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்களா?"

சுடச்சுட வேகவைத்த இட்லியோடு மீனா உள்ளே போனாள். செந்தாமரை உலர்ந்த உதடுகளோடு பார்த்தாள்.

"அண்ணி, நீங்க மொதல்ல."

"இன்னைக்கு முடியாது தாமர."

கட்டிலில் கிடந்தவளின் கண்கள் கூர்மையாயின. "பதினோரு வருஷமாத் தின்னீங்க. இன்னைக்கு மட்டும் மாட்டீங்களா? வாயை வேற மூடிக் கட்டியிருக்கீங்க. அப்ப இதுலதான் இருக்கு."

"என் வாயில இருக்கிற கிருமி ஒன் தட்டுல படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. ஒன் ஒடம்புல காவல் இல்ல. என் எச்சிலே ஒனக்கு விஷம் இப்ப."

செந்தாமரை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

மீனா தட்டை வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து அந்த உறையை எடுத்தாள். ஒரு தாளை அவள் முன்னால் நீட்டினாள். "நீ பத்தாவது வரைக்கும் படிச்சவதானே? இது யார் ரத்தம், படி."

சுவர்ப் பக்கம் திரும்பியபடியே, கடைக்கண்ணால் செந்தாமரை படித்தாள். "என் பேரு போட்டிருக்கு."

"ஒன் பேருதான். ரத்தம் ஒன்னோடது இல்ல. ஒங்கண்ணனோடது." மீனா எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு கையில் பஞ்சு. பதினாலு புள்ளி ஆறு. தொள்ளாயிரம். எதையும் மறைக்கவில்லை. மறைத்து மறைத்துத்தானே இந்த வீடு இந்த நிலைக்கு வந்தது! "அவருக்கு ஒத்துக்கிட்ட மாத்திரை ஒனக்கு ஒத்துக்கலை. ஒனக்குள்ள என்னமோ போயி ரத்தத்தைக் கெடுக்குதுன்னு நீ சொன்னே. அது நெசம். நான் நம்பலை. ஒனக்குப் புத்தி கொழம்பிடுச்சுன்னு டாக்டருக்குப் போன் பண்ணினேன்."

செந்தாமரை மெல்லத் திரும்பினாள். "அப்ப எனக்குப் புத்தி கொழம்பலை?"

"அந்த விஷயத்துல கொழம்பலை."

"எழுதிக் குடுப்பீங்களா?"

மீனா நர்சிடம் பேனா வாங்கினாள். தாளின் பின்பக்கம் எழுதினாள்: 'என் நாத்தனார் செந்தாமரை சொன்னது உண்மை. நாங்கள்தான் நம்பவில்லை. து. மீனா.' தேதியும் போட்டாள். எழுதும்போது கண்ணீர் விழுந்து 'உண்மை'யின் மேல் மை பரவியது.

செந்தாமரை அதை இரண்டு முறை படித்தாள். கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். முப்பத்தொன்பது வயது. இதுவரை அவள் சொன்ன எத்தனையோ சந்தேகங்களில், சரிதான் என்று ஒருவர் ஒப்புக்கொண்டது இதுவே முதல். நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

பிறகு இட்லியில் ஒரு விள்ளல் எடுத்தாள். முகர்ந்தாள். மீனாவின் கண்களை உற்றுப் பார்த்துக்கொண்டே, வலிக்கிற வாயில் வைத்து, மெதுவாக விழுங்கினாள்.

"காபி கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம். காபி விஷயத்துல எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கு."

*

பதினோராம் நாள் அணு மூவாயிரத்தைத் தாண்டியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய மாத்திரைகளில் ஒன்றுக்கே திரும்ப வேண்டியிருந்தது. அது பாதிதான் கேட்கிறது. அடுத்த போகமான தாளடி நடவு வந்துவிட்டது; செந்தாமரை சில நாள் வயலுக்குப் போகிறாள், சில நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள். புது மாத்திரை கொடுத்த அந்த ஆறு வாரச் சிரிப்பு முழுதாகத் திரும்பவில்லை. அதை நினைத்து மீனா பள்ளிக்கூடத்துப் புகையில் முகத்தைக் காட்டி அழுதுவிட்டு வருவாள். புகையென்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

துரைராசுவுக்கு அதே மாத்திரை தொடர்கிறது. ராம்கி வீடு தேடி வருவதில்லை. மீனாவே மன்னார்குடி லேபுக்கு அழைத்துப் போகிறாள். கூடவே செந்தாமரையும் கிளம்புகிறாள். குத்துவதற்கு முன்பே குழாயில் பெயரை எழுதச் சொல்லி, வாங்கி, உரக்கப் படிக்கிறாள்: "துரைராசு. ஆண். நாப்பத்துமூணு. சரியா இருக்கு, எடுங்க." ஒருமுறை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "என்னை மன்னிச்சிட்டியா தாமர?" என்றான். அவள் அவனுடைய சட்டைக் கையை இறக்கிவிட்டு, "ஒன் ரத்தம் ஒங்கிட்டயே இருக்கட்டும்ண்ணே," என்றாள்.

எல்லையம்மாள் இப்போது விஷப்பேச்சு பேசுவதில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது சாக்கு வைத்து அடுப்படி வரை வந்து எட்டிப் பார்க்கிறாள்.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம். டாக்டர் விதித்த கட்டுப்பாடெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. செந்தாமரைக்கு அன்று காலையிலிருந்தே முகம் சரியில்லை. சுவரோடு ஏதோ முணுமுணுத்தாள். மீனா பயந்துகொண்டே சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றினாள். ஆஸ்பத்திரியோடு நின்றுபோன பழைய வழக்கம்தான் வழி என்று நினைத்து, முதல் வாய் எடுக்கக் கையை நீட்டினாள்.

செந்தாமரை சட்டென்று தட்டை இழுத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க அண்ணி? உங்க எச்சி எனக்கு ஆவாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல? தள்ளி ஒக்காருங்க!"

"அது அப்ப தாமர. இப்ப ஒண்ணும்..."

"எனக்குச் சந்தேகமா இருக்கு," என்றாள் செந்தாமரை. பிறகு, அண்ணி தொட்டுவிடாதபடி தட்டை மடியில் வைத்து மறைத்துக்கொண்டு, குனிந்து வேக வேகமாகச் சாப்பிடத் தொடங்கினாள்.